ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650: ஆயில் வடிச்சாச்சு, ஃபில்டர் கழல மாட்டேங்குது

முத்தியால்பேட்டை 650:
வணக்கம். புதுச்சேரியில ஓடுற வண்டி, ஆயில் மாத்த டிரெயின் போல்ட்டைக் கழட்டி முழுக்க வடிச்சாச்சு. ஃபில்டர் இம்மியும் அசையலை. கப் ஸ்பானர் (ஃபில்டர் முனையில மூடி மாதிரி மாட்டற ஸ்பானர்) போட்டு ராட்செட்டால திருகினா வழுக்குது, முனையில இருக்கற மடிப்பெல்லாம் மழுங்கிப் போச்சு. ஃபில்டர் டப்பா அடிப்பக்கம் துரு. இஞ்சின்லேர்ந்து புகை வெளிய வர்ற ரெண்டு பெண்ட் பைப்புக்கும் நடுவுல இருக்கறதால கையும் சரியா நுழையலை. ஸ்க்ரூடிரைவரால குத்தித் திருகிடலாமான்னு யோசனை. செய்யலாமா?

லாரன்ஸ் ரோடு மெக்கானிக்:
தம்பி, குத்தாதீங்க. இப்ப வரைக்கும் உங்களுக்குத் திரும்ப வழி இருக்கு. டிரெயின் போல்ட்டைப் புது வாஷரோட மாட்டி, புது ஆயில் ஊத்தி, பழைய ஃபில்டரோடயே பட்டறை வரைக்கும் ஓட்டிட்டுப் போயிடலாம். அந்த தூரத்துக்கு இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது. டப்பாவுல ஓட்டை விழுந்துட்டா வண்டியைத் தூக்கிட்டுத்தான் போகணும். இதுக்காகத்தான் இப்படித் திருகி மாட்டற ஃபில்டர் இருக்கற எந்த வண்டியா இருந்தாலும் ஆயிலை வடிக்கறதுக்கு முன்னாடியே ஃபில்டர் அசையுதான்னு கால் சுத்து லூஸ் பண்ணிப் பார்த்துடணும்.

முதல்ல திசையைச் சரிபாருங்க. வண்டிக்கு முன்னாடி உட்கார்ந்து ஃபில்டர் மூஞ்சியைப் பார்த்தா, கடிகார முள் ஓடற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்தணும். பின்பக்கத்துலேர்ந்து அடியில தலையை விட்டுப் பாக்கறவங்களுக்கு இது அப்படியே மாறித் தெரியும். கழட்டறோம்னு நினைச்சு இன்னும் இறுக்கிடுவாங்க. பாதி கேஸ் இப்படித்தான்.

அப்புறம் டப்பாவைப் பெட்ரோல் தொட்ட துணியால சுத்தமாத் துடைச்சுக் காய விடுங்க. பெண்ட் பைப் நல்லா ஆறியிருக்கணும், சூடா இருக்கும்போது பெட்ரோல் துணி கிட்டயே வரக்கூடாது. துரு விடுற ஸ்பிரே அடிக்காதீங்க. அது டப்பாவுக்கும் இஞ்சினுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் ரிங்கைத் தாண்டி உள்ள மரைக்குப் போகாது, டப்பாதான் வழுக்கும். 80 நம்பர் உப்புத்தாளைச் சொரசொரப்பு டப்பா பக்கமா இருக்கற மாதிரி ஒரு சுத்து சுத்தி, மேல கப்பைச் சுத்தியலால தட்டி ஏத்திப் பாருங்க. மழுங்கின மடிப்புலயும் சில நேரம் பிடிச்சுக்கும்.

அதுக்கும் மசியலைன்னா ஹோஸ் கிளிப், அதாவது ரப்பர் குழாயை இறுக்கற ஸ்க்ரூ வெச்ச பட்டை. 60 முதல் 80 மில்லிமீட்டர் வரைக்கும் விரியற ஸ்டீல் கிளிப் ஹார்டுவேர் கடையில கிடைக்கும். டப்பாவோட நடுவுல போட்டா நசுங்கும். இஞ்சினை ஒட்டி டப்பாவோட அடித்தட்டு இருக்கற இடத்துலதான் தகரம் கெட்டி, அங்க போட்டு நல்லா முறுக்குங்க. கிளிப்போட ஸ்க்ரூ தலை கீழ்ப்பக்கம் வரணும். அந்தத் தலை மேல ஒரு நீளக் கம்பியை வெச்சு, முன்னாடியிலேர்ந்து பாக்கறப்ப வலப்பக்கமாப் போற மாதிரி சின்னச் சின்ன அடியாத் தட்டுங்க. ஒரே பலமா இழுக்கறதை விட, அதிர்ற மாதிரி தட்டறதுதான் ஒட்டின ரப்பரை விடுவிக்கும்.

வில்லியனூர் வாசகர்:
மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஃபில்டர் இப்படிப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் மரை இல்லை, ரப்பர் ரிங்தான். ஆயில் தடவாமல் உலர்ந்த ரிங்கைக் கப் போட்டு இறுக்கினால், அது முறுக்கிக்கொண்டு உட்காரும். மாதக்கணக்கில் இஞ்சின் சூட்டில் வெந்து அலுமினியத்தோடு பசை போல ஒட்டிவிடும். நம் ஊர் உப்புக் காற்றும், ஐப்பசி கார்த்திகை மழையில் முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறும் டப்பாவைத்தான் அரிக்கின்றன. அதனால் தகரம் பலவீனமாகி, நாம் கொடுக்கும் பலம் ரிங் வரை போய்ச் சேராமல் டப்பாவிலேயே மடங்கிவிடுகிறது.

ஆயில் வடித்த இஞ்சினைச் சூடாக்குவதற்காக ஸ்டார்ட் செய்யவே கூடாது. முடி உலர்த்தும் டிரையரை ரிங் இருக்கும் பக்கமாகப் பத்து நிமிடம் காட்டினால் போதும், ரப்பர் இளகும். பெட்ரோல் வாடை முழுதாகப் போன பிறகு செய்யுங்கள். தீ வைத்துச் சூடாக்க வேண்டாம்.

முத்தியால்பேட்டை 650:
கிளிப் போட்டுத் தட்டினதுல துரு பிடிச்ச இடத்துல தகரம் கிழிஞ்சு டப்பா கையோட வந்துடுச்சு. அடித்தட்டு மட்டும் இஞ்சின்லயே நிக்குது. இப்ப என்ன பண்றது?

லாரன்ஸ் ரோடு மெக்கானிக்:
பயப்படாதீங்க, தட்டு வந்துடும். உள்ள இருக்கற பேப்பர், ஸ்பிரிங் எல்லாத்தையும் எடுத்துடுங்க. அடுத்தது முக்கியம்: நடுவுல இருக்கற மரைக்குழாயோட வாயை ஒரே ஒரு துணித் துண்டால அடைங்க. சுத்தி இருக்கற சின்ன ஓட்டை வழியாத்தான் ஆயில் ஃபில்டருக்குள்ள வரும். நடுக்குழாய் வழியா சுத்தமான ஆயில் பேரிங்குக்குப் போகும். அங்க ஒரு தகரத்தூள் விழுந்தா நேரா கிராங்குக்குப் போய்ச் சேரும்.

தட்டுல இருக்கற எதிரெதிர் ஓட்டை ரெண்டுல நீள மூக்குக் கட்டிங் பிளேயர் முனையை விட்டு, பிளேயர் தாடையை ஸ்பானரால பிடிச்சுத் திருகுங்க. வரலைன்னா மழுங்கின உளியைத் தட்டோட விளிம்புல சாய்வா வெச்சு, லூஸ் ஆகற பக்கமாத் தட்டுங்க. உளி முனை இஞ்சின் முகத்தைத் தொடவே கூடாது. அந்த அலுமினியத்துல ஒரு கீறல் விழுந்தாலும் புது ரிங் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும்.

முத்தியால்பேட்டை 650:
பிளேயருக்கு வரலை, உளிக்கு மூணாவது தட்டுல வந்துடுச்சு! ரொம்ப நன்றிண்ணே. நடுக்குழாய் அசையலை, முகத்துல கீறலும் இல்லை.

முதுநகர்க்காரன்:
புது ஃபில்டர் மாட்டறதுல கவனமா இருங்க. பழைய ரப்பர் ரிங் தட்டோட வந்துச்சா, இஞ்சின்ல ஒட்டிட்டு இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. ரெண்டு ரிங் ஒண்ணுமேல ஒண்ணு உட்கார்ந்தா ஸ்டார்ட் பண்ணின உடனே ஆயில் பீய்ச்சி முன் டயர் மேலயே அடிக்கும். துணித் துண்டை எடுத்தாச்சான்னும் பாருங்க. புது ரிங்ல ஆயில் தடவி, கையால சுத்தி ரிங் தொட்டதும் மார்க்கரால கோடு போட்டு, அதுலேர்ந்து முக்கால் சுத்து. கையாலயே போதும், கப் போட்டு இறுக்கவே கூடாது.

ஆயில் கேன் மேல 10டபிள்யூ50 (ஆயிலோட கெட்டித்தன்மை), ஜாசோ எம்ஏ2 (பைக் கிளட்சுக்கு ஏத்த ஆயில்ங்கற குறி) போட்டிருக்கணும். கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் வழுக்கும். 3 லிட்டர் ஊத்திட்டு ஐடில்ல ஸ்டார்ட் பண்ணுங்க, ஆக்ஸிலேட்டரைத் தொடாதீங்க. ஆயில் விளக்கு சில வினாடியில அணையணும், அணையலைன்னா உடனே ஆஃப். ரெண்டு நிமிஷம் ஓடினதும் நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டுல சில நிமிஷம் விட்டு, இஞ்சினோட வலப்பக்கம் ஆயில் தெரியற சின்னக் கண்ணாடி ஜன்னல்ல அளவு பாருங்க. குறைஞ்சா 100 மில்லியா சேருங்க. ராத்திரி அடியில ஒரு அட்டை விரிச்சு வைங்க, ஒழுகினா காலையில தெரிஞ்சுடும்.

பழைய ஆயிலை வாய்க்கால்ல ஊத்திடாதீங்க, நேரா கடலுக்குத்தான் போகும். கேன்ல பிடிச்சு, வேஸ்ட் ஆயில் வாங்கற பட்டறை டிரம்முல கொடுத்துடுங்க.