ஆபீஸ்ல ஒரே எஸ்டிமேட்டுக்கு ஏழு காப்பி சுத்துது, எது கடைசின்னே தெரியல, எப்படி சரி பண்றது?

மழைத்துளி:

நண்பர்களே வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க. எங்க ஆபீஸ்ல மொத்தம் ஒன்பது பேர், கட்டட பிளான் வரையறது, எஸ்டிமேட் போடறதுதான் வேலை. எல்லாமே மெயில்லதான் ஓடுது. நான் எஸ்டிமேட் போட்டு ஒருத்தருக்கு அனுப்புவேன், அவர் டவுன்லோட் பண்ணி ரேட்டை மாத்தி இன்னொருத்தருக்கு அனுப்புவார், அவங்க அதுல ரெண்டு வரி சேர்த்து மூணு பேருக்குத் திருப்பி அனுப்புவாங்க. போன வாரம் எண்ணிப் பாத்தேன், ஒரே வேலைக்கு என் கம்ப்யூட்டர்ல ஏழு ஃபைல் கிடக்கு. "எஸ்டிமேட் ஃபைனல்", "எஸ்டிமேட் ஃபைனல் 2", "எஸ்டிமேட் ஃபைனல் திருத்தினது", "எஸ்டிமேட் ஃபைனல் சார் பாத்தது"ன்னு பேரு. இதுல பழைய ரேட் இருந்த ஒண்ணைத்தான் நான் கிளையண்டுக்கு அனுப்பியிருக்கேன், அவரும் அன்னிக்கே ஓகேன்னு பதில் போட்டுட்டார். அப்புறம் போன் பண்ணி "அது பழசு சார், மாத்தி அனுப்பறேன்"னு சொல்றதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு.

இன்னொரு தொல்லை, எல்லாரும் அவங்கவங்க இலவச ஜிமெயில்லதான் இருக்கோம், என்னோட 15 ஜிபி நிறைஞ்சு போயி அரை நாள் மெயிலே வரல, அனுப்பவும் முடியல. இடம் காசு கொடுத்து வாங்கிட்டா இதெல்லாம் சரியாயிடும்னு முதலாளி சொல்றார். எனக்கு அப்படித் தோணல. கிளவுட்ல ஃபைல் வச்சு வேலை பாக்கறவங்க எப்படிப் பாக்கறீங்கன்னு சொல்லுங்க.

பழைய_அட்மின்:

நீங்க நினைக்கறதுதான் சரி, இடம் வாங்கினா ஏழு காப்பி எழுபது ஆகும், அவ்வளவுதான். வேர் எங்க இருக்குன்னா அட்டாச்மென்ட்லதான். ஒரு ஃபைலை அட்டாச் பண்ணி ஆறு பேருக்கு அனுப்பினீங்கன்னா அந்த நிமிஷமே ஆறு பேர் கையில ஆறு தனி ஃபைல், உங்க சென்ட்ல ஒண்ணு. அதுக்கப்புறம் ஒண்ணுல மாத்தினது இன்னொண்ணுக்குத் தெரியாது. அதனால ஆபீஸுக்குள்ள அட்டாச்மென்டே கூடாதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. ஃபைல் கூகுள் டிரைவ்லயோ மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவ்லயோ ஒரே இடத்துல இருக்கட்டும், மெயில்ல அதோட லிங்க் மட்டும் போகட்டும்.

பழைய வெர்ஷன் போயிடுமேன்னுதான் எல்லாரும் பயந்துகிட்டு "ஃபைனல் 2"ன்னு சேவ் பண்றாங்க, அந்தப் பயமே தேவையில்ல. டிரைவ்ல எக்செல், பிடிஎஃப் மாதிரி ஃபைலுக்குப் புது வெர்ஷனை அதே ஃபைல் மேலயே ஏத்தலாம், பழசு உள்ளேயே 30 நாள் இருக்கும், இல்லன்னா 100 வெர்ஷன் வரைக்கும். முக்கியமானதுன்னா அந்த வெர்ஷனை நிரந்தரமா வச்சிருன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைப் போட்டுட்டா அழியாது. கூகுள் ஷீட்ஸ்லயே போட்டீங்கன்னா இன்னும் சுலபம், யார் எந்தக் கட்டத்துல எந்த எண்ணை மாத்தினாங்கன்னு அந்தக் கட்டத்து மேலயே ரைட் கிளிக் பண்ணிப் பாக்கலாம். உங்க ரேட் பிரச்சனைக்கு அது ஒண்ணு போதும்.

பேர்ல "ஃபைனல்"ங்கற வார்த்தையே வேண்டாம். தேதி போடணும்னா வருஷத்தை முன்னாடி போடுங்க, 2025-03-07 மாதிரி, அப்பதான் பேர் வரிசைல அடுக்கினாலே தேதி வரிசையா நிக்கும். நாளை முன்னாடி போட்டா மார்ச் 1 பக்கத்துல ஜூன் 1 வந்து உக்காந்துக்கும்.

சைஸ் பத்தி ஒண்ணு, பிளான் ஃபைல் எல்லாம் பெருசா இருக்குமே அதனால சொல்றேன். ஜிமெயில்ல அட்டாச்மென்ட் 25 எம்பி வரைக்கும்தான், அதுக்கு மேல போனா அதுவே டிரைவ் லிங்கா மாத்திடும். மெயில்ல போற ஃபைல் எழுத்தா மாத்தப்பட்டுத்தான் போகும், அப்ப மூணுல ஒரு பங்கு கூடிடும், 18 எம்பி ஃபைல் வழியில 24 எம்பி. எதிர்ல இருக்கறவங்க சர்வர்ல லிமிட் கம்மியா இருந்தா திரும்பி வந்துடும், நாம என்னடா சின்ன ஃபைல்தானேன்னு முழிச்சுகிட்டு இருப்போம்.

கோப்புக்காரி:

மேல அவர் சொன்னதுல ஆபீஸுக்குள்ள லிங்க்ங்கறது நூத்துக்கு நூறு சரி. ஆனா கிளையண்டுக்கு லிங்க் அனுப்பாதீங்க மழைத்துளி, நான் பட்டு தெரிஞ்சுகிட்டது. லிங்க் எப்பவும் இப்ப இருக்கறதைத்தான் காட்டும். இன்னிக்கு அவர் பாத்து ஓகே சொல்ற எஸ்டிமேட்டும், அடுத்த மாசம் அதே லிங்க்ல அவர் பாக்கற எஸ்டிமேட்டும் ஒண்ணா இருக்கும்னு என்ன நிச்சயம்? ஒப்புதல் வாங்கற காகிதம் உறைஞ்சு நிக்கணும். அதனால அதை மட்டும் பிடிஎஃப் ஆக்கி அட்டாச்மென்டா அனுப்புங்க, அனுப்பின பிடிஎஃபையே "அனுப்பியவை"ன்னு ஒரு ஃபோல்டர்ல போட்டுடுங்க, அந்த ஃபோல்டருக்கு எடிட் பெர்மிஷன் ஒருத்தருக்குத்தான்.

ஷேர் பண்றப்ப "லிங்க் உள்ள யாரும்"னு வர்ற ஆப்ஷனைத் தொடாதீங்க. நான் முன்னாடி வேலை பாத்த இடத்துல அவசரத்துக்கு அப்படி எடிட் பெர்மிஷனோட ஒரு ரேட் லிஸ்ட்டைத் திறந்து விட்டோம், அது எங்கெங்கயோ ஃபார்வேர்ட் ஆகி ஒரு நாள் காலைல பாத்தா நடுவுல பதினாலு வரி காணோம். யார் அழிச்சாங்கன்னு பாத்தா பேர் இல்லாத யாரோன்னுதான் இருக்கு, லாகின் பண்ணாம உள்ள வர்றவங்களை அப்படித்தான் காட்டும். பழைய வெர்ஷன் இருந்ததால தப்பிச்சோம். ஆள் மெயில் ஐடி போட்டே ஷேர் பண்ணுங்க, பாக்கறவங்களுக்குப் பாக்க மட்டும், கருத்து சொல்றவங்களுக்கு கமென்ட் மட்டும். இன்னொண்ணு, மேல் ஃபோல்டரை ஷேர் பண்ணா அதுக்குள்ள இருக்கறது அத்தனையும் ஷேர் ஆயிடும், நாளைக்கு அதுல போடப் போறதும் சேர்த்து. சம்பளக் கணக்கை எந்த ஃபோல்டர்ல வைக்கறீங்கன்னு ரெண்டு தடவை பாருங்க.

நீலவானம்:

எல்லாரும் அவங்கவங்க சொந்த ஜிமெயில்ல இருக்கோம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அங்கதான் திக்குன்னுச்சு. சொந்த அக்கவுண்ட்ல உருவாக்கின ஃபைலுக்கு அந்த ஆள்தான் ஓனர், ஆபீஸ் இல்ல. அவர் நாளைக்கு வேலையை விட்டுப் போனா ஃபைலும் அவரோடதான் போகும். உங்க முதலாளி காசு செலவு பண்ணத் தயாரா இருக்கார்ல, அதை வெறும் இடத்துக்குக் கொடுக்காம ஆபீஸ் பேர்ல அக்கவுண்ட் எடுக்கக் கொடுக்கச் சொல்லுங்க. அதுல ஷேர்ட் டிரைவ்னு ஒண்ணு கிடைக்கும், திட்டத்தைப் பொறுத்து, வாங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க, இலவச அக்கவுண்ட்ல அதை உருவாக்க முடியாது. அதுல போடற ஃபைலுக்கு ஓனர் ஆள் இல்ல, குழுதான்.

ஆபீஸ் அக்கவுண்ட் இருந்தும் கோட்டை விட்ட கதை என்கிட்ட இருக்கு. எங்க குழுவுல ஒருத்தர் போனார், கணக்கை உடனே டெலிட் பண்ணிட்டாங்க, அவரோட மை டிரைவ்ல, அதாவது அவர் பேர்ல இருக்கற தனி இடத்துல, ரெண்டு வருஷத்து டிராயிங் இருந்தது யாருக்கும் தெரியல. கூகுள்ல டெலிட் பண்ணின யூசரை 20 நாளுக்குள்ள அட்மின் மீட்கலாம், நாங்க தேட ஆரம்பிச்சதே அடுத்த மாசம். அதனால யாராவது போறாங்கன்னா முதல்ல ஓனர்ஷிப்பை மாத்திட்டு அப்புறம் கணக்கைத் தொடுங்க.

சிங்க் ஆகுதேன்னு, அதாவது ஒண்ணுல மாத்தினது எல்லா கம்ப்யூட்டர்லயும் தானா மாறுதேன்னு, பேக்கப் எடுக்காம விட்டுடாதீங்க, இதைக் கெஞ்சிக் கேக்கறேன். ஒரு கம்ப்யூட்டர்ல ஃபோல்டரை அழிச்சா சிங்க் அதை ஒன்பது கம்ப்யூட்டர்லயும் அழிச்சுக் கொடுக்கும், அதோட வேலையே அதுதான். டிரைவ் டிராஷ்ல 30 நாள், ஆபீஸ் ஒன்டிரைவ்ல 93 நாள், அதுக்குள்ள கவனிக்கலன்னா போச்சு. மாசம் ஒரு தடவையாவது தனி ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து கழட்டி வச்சிடுங்க.

அந்திப்பொழுது:

ஃபைல் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் மெயிலுக்கு வரேன். 15 ஜிபி ஜிமெயிலுக்கு மட்டும் இல்ல, டிரைவும் ஃபோட்டோஸும் சேர்ந்துதான் அது. தேடற பெட்டியோட வலது ஓரத்துல ஒரு சின்ன ஐகான் இருக்கும், அதைத் தொட்டா சைஸ் கேக்கும், 10 எம்பிக்கு மேலன்னு போட்டுத் தேடுங்க, நீங்க சுத்தி விட்ட பழைய பிளான் எல்லாம் வரிசையா வந்து நிக்கும். வேணுங்கறதை டிரைவுக்கு மாத்தாதீங்க, அதே 15 ஜிபிதான், கம்ப்யூட்டர்ல இறக்கிட்டு அழிங்க, அப்புறம் டிராஷையும் காலி பண்ணணும், இல்லன்னா இடம் உடனே வராது.

கிளையண்ட் மெயில் எல்லாம் ஒரு பொது ஐடிக்கு வருதுன்னா அந்த பாஸ்வேர்டை ஒன்பது பேருக்கும் சொல்லாதீங்க. ஜிமெயில் செட்டிங்ஸ்லயே டெலிகேட்னு இருக்கு, அவங்கவங்க லாகின்ல இருந்தே அந்த இன்பாக்ஸைப் படிச்சு பதில் போடலாம், பாஸ்வேர்ட் தெரிய வேண்டியதே இல்ல.

அப்புறம் நேரம். மெயில் வர வர பாக்கறதை நிறுத்துங்க. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல கோஸ்டாடின் குஷ்லெவ், எலிசபெத் டன்னு ரெண்டு பேர் 124 பேரை வச்சுப் பாத்து 2015ல எழுதினாங்க, ஒரு வாரம் நாளைக்கு மூணு தடவை மட்டும் மெயில் பாக்கணும், இன்னொரு வாரம் எத்தனை தடவை வேணும்னாலும் பாக்கலாம். மூணு தடவை பாத்த வாரத்துலதான் மன அழுத்தம் கம்மியா இருந்துச்சு. நான் காலைல வந்ததும், மதியம், கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடின்னு வச்சிருக்கேன், அவசரம்னா போன் பண்ணுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். விளம்பரம், தானா வர்ற அறிவிப்பு எல்லாம் ஃபில்டர் போட்டு இன்பாக்ஸுக்கே வராம லேபிளுக்குப் போற மாதிரி பண்ணிட்டேன்.

உங்க தப்பான எஸ்டிமேட் மாதிரி நடந்தா காப்பாத்தறதுக்கு அன்டூ சென்ட் இருக்கு, ஆனா சும்மா விட்டா 5 செகண்ட்தான் தரும், செட்டிங்ஸ்ல 30 ஆக்கிடுங்க.

மழைத்துளி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் முதலாளிகிட்ட படிச்சுக் காட்டினேன். நீலவானம் சொன்னதைக் கேட்டதும்தான் அவர் நிமிர்ந்து உக்காந்தார், ஆபீஸ் பேர்ல அக்கவுண்ட் எடுக்க ஒத்துகிட்டார். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு ஒரு வேலையை மட்டும் ஒரே ஃபோல்டருக்குக் கொண்டு வந்தோம், ஏழு எஸ்டிமேட்டையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சு வரி வரியா ஒப்பிட்டு ஒண்ணாக்க ரெண்டரை மணி நேரம் ஆச்சு. அப்பதான் தெரிஞ்சது, ஏழுல எதுவுமே முழுசா சரியில்ல, கம்பி ரேட் ஒண்ணுல சரி, மணல் அளவு இன்னொண்ணுல சரி.

ஒரு சந்தேகம். சைட்ல நெட் இல்லாம லேப்டாப்ல எக்செல்லைத் திறந்து மாத்தறோம், அதே நேரம் ஆபீஸ்ல இன்னொருத்தர் அதே ஃபைலை மாத்தினா என்ன ஆகும்?

பழைய_அட்மின்:

நெட் வந்ததும் ரெண்டையும் ஒண்ணாக்கத் தெரியாம பெரும்பாலும் ரெண்டாவது காப்பி ஒண்ணை உண்டாக்கி வச்சிடும், டிராப்பாக்ஸ்னா பேர்லயே முரண்பட்ட காப்பின்னு போட்டுக் காட்டும். அப்படி ஒண்ணைப் பாத்தா அன்னிக்கே ரெண்டையும் ஒப்பிட்டு ஒண்ணை எடுத்துடுங்க, விட்டா எட்டாவது எஸ்டிமேட் அதுதான். சைட்டுக்குப் போறவங்க மெயின் ஃபைலைத் தொட வேண்டாம், அளவு குறிக்கறதுக்கு மட்டும் தனியா ஒரு சின்ன ஷீட் வச்சுக்கட்டும், திரும்பி வந்ததும் அவங்களே மெயின்ல ஏத்தட்டும். கிளம்பறதுக்கு முன்னாடி அந்த ஷீட்டை ஆஃப்லைன்ல திறக்கற மாதிரி குறிச்சு வைக்கச் சொல்லுங்க, வெறும் மேக ஐகான் மட்டும் இருந்தா ஃபைல் லேப்டாப்ல இல்லன்னு அர்த்தம், சைட்ல போய் திறக்காது.