டவுன்விண்டை எத்தனை விநாடி நீட்டுவது? முன்னால் 152, பின்னால் 172

குன்னூர்_மேகம்:
மழை விடும்வரை ஊரில்தான். திரும்பப் பறக்கப் போவதற்குள் இந்தக் கணக்கைத் தாளில் சரிசெய்துகொள்ள வேண்டும். சர்க்யூட்டில் (இறங்குவதற்காக ரன்வேயைச் சுற்றிவரும் செவ்வகப் பாதை) முன்னால் ஒரு செஸ்னா 152 சிறு விமானம், பின்னால் 172-ல் நான். டவுன்விண்டில் (ரன்வேக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் போகும் பக்கம்) இடைவெளி தாராளமாகத் தெரிகிறது. ஆனால் ஃபைனலுக்கு (ரன்வேக்கு நேரே இறங்கும் கடைசிப் பக்கம்) வரும்போது 152 இன்னும் ரன்வேயில் இருக்கிறது. டவுன்விண்டை நீட்டினாலோ ஃபைனல் முடிவதே இல்லை. "முன்னால் போகிறவர் ஃபைனலில் உன் இறக்கைக்கு நேரே வந்ததும் பேஸ் திரும்பு" (இரண்டையும் இணைக்கும் குறுக்குப் பக்கம்) என்கிறார்களே, அது எப்போது போதும், எப்போது போதாது?

கோத்தகிரி_காற்று:
தம்பி, இடைவெளியை மைலில் பார்க்காதீங்க, விநாடியில் பாருங்க. பர்லியார் மேலே கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸும் ஜீப்பும் ஒட்டிக்கொள்ளும், நேர் ரோட்டில் விலகும். நடுவே உள்ள நேரம் மாறியிருக்காது, தூரம்தான் சுருங்கும். சர்க்யூட்டிலும் அதே கதை.

டவுன்விண்ட் ரன்வேயிலிருந்து 1 நாட்டிகல் மைல் தள்ளி, த்ரெஷோல்டை (ரன்வேயின் தொடக்கம்) தாண்டி 1 மைலில் பேஸ், காற்று இல்லை என்று வைப்போம். 172-க்கு பேஸ் 75 நாட்டில் (மணிக்கு 75 நாட்டிகல் மைல்) 48 விநாடி, ஃபைனல் 65 நாட்டில் 55. மொத்தம் 103. உங்கள் இறக்கைக்கு நேரே வந்த 152-க்கு 60 நாட்டில் இன்னும் 60 விநாடி. மிச்சம் 43 விநாடி. அதாவது அந்த விதி தருவது ஏறக்குறைய ஒரு பேஸ் கடக்கும் நேரம், அவ்வளவுதான். டவுன்விண்டை ரன்வேயிலிருந்து அரை மைலுக்கு ஒடுக்கினால் 19 விநாடியாகிவிடும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை!

முன்னால் இருப்பவர் டச் அண்ட் கோ (தொட்டதும் மீண்டும் ஏறுவது) என்றால் 43 போதும். நின்று டாக்ஸிவேயில் வெளியேற வேண்டுமென்றால் த்ரெஷோல்டில் 90 விநாடியாவது வைப்பேன். இன்னும் 47 வேண்டும். அதற்காக 47 விநாடி நீட்டக் கூடாது. 85 நாட்டில் ஒரு விநாடி நீட்டினால், அதே தூரத்தை ஃபைனலில் 65 நாட்டில் திரும்பி வரணும், 1.3 விநாடி. ஆக ஒன்றுக்கு 2.3 கிடைக்கும். 20 விநாடி போதும்.

காற்று வந்தால் இன்னும் கூடும். கோவையில் தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, ரன்வே 23. 15 நாட் என்றால் டவுன்விண்டில் தரைவேகம் 100, ஃபைனலில் 50. ஒரு விநாடி நீட்டினால் மூன்று. "சரியாகத் தெரியட்டும்" என்று 40 விநாடி நீட்டினால் இரண்டு நிமிடம் போச்சு. உங்கள் முடியாத ஃபைனல் இதுதான்.

பெருமாள்மலை:
கணக்கு சரி. ஆனால் நீட்டுவதற்கு முன்னால் வேகத்தைக் குறைக்கலாமே? 3 மைல் டவுன்விண்டை 90-க்குப் பதில் 75 நாட்டில், 10 டிகிரி ஃப்ளாப்போடு (இறக்கையின் பின்விளிம்பு மடல்) போனால் 24 விநாடி சும்மா கிடைக்கிறது. 172எஸ்-ல் 10 டிகிரிக்கு வரம்பு 110 நாட், அதனால் தாராளமாக முன்கூட்டியே இறக்கலாம். டவுன்விண்ட் பாதி தாண்டியபின் குறைத்தால் பலன் கம்மி.

நீட்டும்போது நடக்கும் பெரிய தப்பு: த்ரெஷோல்ட் நேரே வந்ததும் பழக்கத்தில் பவரைக் குறைத்து இறங்கத் தொடங்குவது. பேஸ் திரும்பும்வரை 1,000 அடியை விடாதீங்க. ஃபைனலில் மைலுக்கு 300 அடி. 2 மைலில் 600 அடிக்குக் கீழே இருந்தால் தாழ்ந்துவிட்டீர்கள்.

ஃபைனலில் எஸ் வளைவு போட்டு நேரம் கடத்துவது எனக்கு அறவே பிடிக்காது. உயரமும் வேகமும் இல்லாத இடம் அது. சாய்வு 30 டிகிரியில் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கை தாங்காது) 7 சதவீதம் கூடும், 45-ல் 19. அதோடு ரடரை (வால் சுக்கான்) அழுத்தித் திருப்பினால் ஸ்பின், அதாவது சுழன்று விழுவது.

குன்னூர்_மேகம்:
நன்றிண்ணா. டவுன்விண்டையே அகலமாக்கினால்? பேஸ் நேரம் தானாகக் கூடுமே.

கோத்தகிரி_காற்று:
கூடும். ஆனால் இன்ஜின் இல்லாமல் 172 மிதக்கும் விகிதம் ஏறக்குறைய 9-க்கு 1. காற்றில்லாமல் 1,000 அடியிலிருந்து சுமார் ஒன்றரை மைல், அதிலும் திரும்புவதில் கொஞ்சம் போகும். இன்ஜின் நின்றால் ரன்வே எட்ட வேண்டாமா? நீட்டும்போதும் இதே ஆபத்துதான், அதனால்தான் முதலில் வேகம்.

ஊட்டி_ரேடியோ:
விதிப் பக்கம்: ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) நடைமுறையில், 2,000 கிலோவுக்கு மிகாத ஒற்றை இன்ஜின் விமானங்களுக்கு, முன்னால் இறங்கியவர் த்ரெஷோல்டிலிருந்து 600 மீட்டர் தாண்டி, நிற்காமல் ஓடி வெளியேறுவார் என்றால் பின்னவர் த்ரெஷோல்டைக் கடக்கலாம். பகலில், அனுமதித்த விமான நிலையத்தில் மட்டும். மற்றபடி ரன்வே காலியாக வேண்டும். முன்னால் ஏர்பஸ் 320 இறங்கினால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அதன் சுழல் காற்றுக்காக 3 நிமிடம்.

ஆர்பிட் (ஒரு முழு வட்டம்) போடுவதென்றால் டவரைக் கேட்டு, டவுன்விண்டில் மட்டும். நீங்களாகச் சுற்றினால் பின்னால் வருபவரின் மூக்குக்கு நேரே திரும்புவீர்கள். முன்னால் இருப்பவர் கண்ணில் படவில்லையென்றால் "நெகடிவ் காண்டாக்ட்" சொல்லுங்க, குத்துமதிப்பாகத் திரும்பாதீங்க.

கோ-அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் ஏறுவது) என்றால், இடது சர்க்யூட்டில் ரன்வேக்கு வலப்புறம் ஒதுங்கி ஏறுங்க. இடது சீட்டிலிருந்து கீழே இருப்பவர் தெரிவார்.