பழைய வேளாண் டிப்போவைக் காலி செய்கிறார்கள்: எந்தப் பதிவேட்டை முதலில் எடுப்பது?

வரப்பு:
தஞ்சை டெல்டாவில் பேக்கேஜ் திட்டம் எனப்பட்ட தீவிர வேளாண் மாவட்டத் திட்டக் காலத்து டிப்போ ஒன்றை இடிக்கப் போகிறார்கள். மழைமானிப் பதிவேடு, பயிர் அறுவடைப் பரிசோதனைத் தாள்கள் (சிறு வயல்துண்டில் அறுத்து எடைபோட்டு விளைச்சலைக் கணித்தவை), விதை வினியோக லெட்ஜர் என்று மூன்று பீரோ நிறைய இருக்கிறது. அடித்தட்டு முழுக்கக் கரையான். "கழிவுத்தாள் ஏலத்துக்குப் போகும்" என்கிறார்கள். எதைக் காப்பாற்றுவது, எப்படி?

கோப்புக்கட்டு:
முதலில் மேலட்டையைப் பாருங்கள். ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று ஏதாவது எழுதியிருக்கும்: ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தர முடிவு, அதாவது கோப்பை அவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும். கோப்பை முடித்தவர் தணிக்கையை நினைத்துத்தான் முடித்திருப்பார், வரலாற்றை நினைத்து அல்ல. அதனால் நல்ல சரக்கு பெரும்பாலும் மூ.மு., ப.மு. கட்டுகளில் கிடக்கும்.

மழைப் பதிவேடு முதலில், அடுத்து அறுவடைப் பரிசோதனை, பிறகு விதை லெட்ஜர். சில்லறைச் செலவு பில், பயண நாட்குறிப்பு போனால் போகட்டும். தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் 1960-61லேயே முதல் தொகுதியில் சேர்ந்த மாவட்டம் தஞ்சாவூர். அச்சிட்ட அறிக்கையில் சராசரிதான் கிடைக்கும். புல எண்ணோடு விளைச்சல் வேண்டுமென்றால் இந்தத் தாள்தான்.

அரசுச் சொத்து என்பதால் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். ஏலத்துக்கு முன் எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் கருத்தைக் கேட்கும்படி அலுவலகத் தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள். படம் எடுக்கவும் அதே கடிதத்திலேயே அனுமதி கேளுங்கள்.

மடைவாய்:
பீரோவைத் திறக்கும் முன் ஒன்று. அந்தக் கால டிப்போ என்றால் அதே அறையில் பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லித் தூள் மூட்டையும் இருந்திருக்கும். 1997ல் தடை செய்த மருந்து. அடுக்கில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள், ஊதவும் கூடாது. மீந்த டப்பாவைத் துறையிடமே ஒப்படையுங்கள்.

ஈரத்தாளை வெயிலில் போட்டால் சுருண்டு நொறுங்கும். நிழலில் விசிறிக்கடியில், நடுவே உறிஞ்சுதாள் வைத்துக் காயப்போடுங்கள். ஊதாவாகத் தெரியும் எழுத்து காப்பியிங் பென்சில். ஈரம் பட்டதும் மை பரவி எண்ணே மறைந்துவிடும், அந்தத் தாளை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. துருவேறிய குண்டூசியை இழுத்தால் தாள் கிழியும். மேல்தாளை அசையாமல் பிடித்துக்கொண்டு ஊசியை மெல்லத் திருகி எடுங்கள். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டாம்.

படம் எடுக்கும்போது அட்டை, வெற்றுப் பக்கம் எதையும் விடாமல் வரிசையாக எடுங்கள். எழுத்து மங்கி அழுத்தத் தடம் மட்டும் தெரியும் பக்கத்துக்கு வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும்.

மழைக்கணக்கு:
எண்ணைக் கணினியில் ஏற்றும்போதுதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். பழைய பதிவேட்டில் மழை அங்குலமும் சென்ட்டும். 100 சென்ட் ஓர் அங்குலம், 25.4 மி.மீ. "1.42" என்றிருந்தால் 36 மி.மீ. மழை. அதை 1.42 மி.மீ. என்று ஏற்றினால் அடைமழை தூறலாகிவிடும். காலை 8.30 மணிக்கு அளந்த நாளில்தான் குறிப்பார்கள், ஆகவே 4ஆம் தேதி ராத்திரி மழை 5ஆம் தேதிக் கட்டத்தில் நிற்கும்.

அறுவடைத் தாளில் வயல்துண்டின் அளவைப் பார்க்காமல் பெருக்க வேண்டாம். 5 மீட்டருக்கு 5 மீட்டர் என்றால் கிலோவை 400ஆல் பெருக்கினால் ஹெக்டேர் விளைச்சல். ஒரு சென்ட் நிலத் துண்டில் (ஏக்கரில் நூறில் ஒரு பங்கு) பவுண்டு கணக்கு என்றால் 100ஆல் பெருக்க ஏக்கருக்கு, அதை 1.12ஆல் பெருக்க ஹெக்டேருக்குக் கிலோ. ஈர எடையா, காய்ந்த எடையா என்பது தனிக் கட்டத்தில் இருக்கும். அதை விட்டால் மொத்தமும் வீண்.

வரப்பு:
நன்றி. லெட்ஜரில் "ஜி.இ.பி. 24" என்று வருகிறதே? பீரோ மேலே நெல் மாதிரிப் புட்டிகளும் உண்டு, முளைக்குமா?

கோப்புக்கட்டு:
அது ஒரு நெல் ரகம். கவர்மெண்ட் எகனாமிக் பொட்டானிஸ்ட் என்ற பதவிப் பெயரின் சுருக்கம்தான் ஜி.இ.பி. ஊரில் கிச்சிலிச் சம்பா என்பார்கள். ஆடுதுறை 27 நெல் ரகத்துக்கு ஒரு பெற்றோர் அதுதான், மற்றது ஜப்பானிய நோரின் 10. லெட்ஜரில் இரண்டு பெயரிலும் வரலாம், தனித்தனி ரகமாக எண்ணிவிடாதீர்கள்.

புட்டி நெல் முளைக்காது. டெல்டா ஈரப்பதத்தில் சாதாரண அறையில் வைத்த நெல்லுக்குச் சில ஆண்டுகளிலேயே உயிர் போய்விடும். லேபிளைப் படம் எடுத்துவிட்டு, புட்டியை லேபிளோடு வையுங்கள்.