வீட்டுக்கு எந்த தையல் மிஷின் வாங்கலாம்?

பட்டுப்பாவாடை: பிளவுஸ், பாப்பாவுக்கு பாவாடை தைக்கணும், கொஞ்சம் எம்ப்ராய்டரியும் போடணும், ஒரே மிஷின் போதுமா? பெரம்பூர்ல அபார்ட்மெண்ட், சத்தம் வந்தா கீழ்வீட்டு மாமி மேலயே வந்துடுவாங்க.

ஊசிநூல்: ஊசி பக்கவாட்டுலயும் போய் வளைஞ்சு வளைஞ்சு தைக்கிற ஜிக்ஜாக் மிஷின் போதும்க்கா. கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரில சின்ன மாடல்னா துணிய மாட்டுற ஃப்ரேம் (ஹூப்) 4க்கு 4 இன்ச்தான், பிளவுஸ் முதுகு டிசைனுக்கு துணிய கழட்டி கழட்டி மாட்டணும், கடுப்பாயிடும்.

தாம்பரம் டைலர்: அடியில ரப்பர் மேட் போட்டா சத்தம் குறையும்மா. துணிய அழுத்திப் பிடிக்கிற ஃபுட்ட மேல தூக்கிட்டு நூல் கோத்துக்கோங்க, இல்லன்னா நூல், அத இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்குள்ள உக்காராம துணிக்கு அடில கொசகொசன்னு சிக்கிக்கும், எல்லாரும் பாவம் அடி நூல் சுத்தியிருக்கிற பாபினத்தான் திட்டுவாங்க. காட்டனுக்கு 14 நம்பர் ஊசி, ஜீன்ஸுக்கு 16.

பட்டுப்பாவாடை: ஜரிகை நூல் அறுந்துட்டே இருக்குமாமேண்ணா?

தாம்பரம் டைலர்: கண்ணு பெருசா இருக்குற ஊசி மாத்தி, ஸ்பீட குறைச்சு ஓட்டுங்க.