நீங்க-ல இருந்து நீ-க்கு எப்போ மாறினீங்க? உங்க அனுபவத்தை சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். ஜெர்மன்ல 'டூ'ன்னா நீ, 'ஸீ'ன்னா நீங்க. ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர் என்னைவிட ரொம்ப மூத்தவர், ஒரு வருஷம் நல்லா பழகிட்டோம்ங்கிற உரிமைல ஒருநாள் டூன்னு பேசிட்டேன். அவர் முகம் கூட மாறல, ஆனா பதில் ஸீ-லயே வந்துச்சு. அங்க மூத்தவர்தான் முதல்ல 'டூ சொல்லிக்கலாம்'னு சொல்லணுமாம், அது எனக்கு அப்போ தெரியாது. மனசு கஷ்டமாயிடுச்சு. ஆறு மாசம் கழிச்சு அவரே என் சீட்டுக்கு வந்து கை நீட்டி தன்னோட முதல் பேரை மட்டும் சொன்னார், அவ்வளவுதான், அன்னிக்கு முழுக்க எனக்கு வேலையே ஓடல.

---

எனக்கு இங்கிலீஷ்ல நடந்தது. பழைய இங்கிலீஷ் பைபிள் மொழிபெயர்ப்புல கடவுளை 'தௌ' (thou)ன்னு கூப்பிடறதால அது பெரிய மரியாதைச் சொல்லுன்னுதான் பல வருஷம் நெனச்சிட்டு இருந்தேன், ஒரு வாழ்த்து மடல்ல எங்க ப்ரொபசருக்கு அப்படியே எழுதியும் குடுத்துட்டேன். அவர்தான் உக்கார வெச்சு சொன்னார், தௌ-ங்கிறது நம்ம 'நீ', 'யூ'தான் முதல்ல பன்மை, பிரெஞ்சுல 'நீங்க'ன்னு சொல்ற 'வூ' மாதிரி அப்புறம் ஒருத்தருக்கே மரியாதையா ஆனது. 1603-ல வால்டர் ராலேங்கிற இங்கிலாந்து கடலோடி மேல நடந்த தேசத்துரோக வழக்குல அரசு வக்கீல் எட்வர்ட் கோக் அவரை அவமானப்படுத்தணும்னே தௌ போட்டுப் பேசினாராம். அதே நூற்றாண்டுல குவேக்கர்கள்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் கடவுள் முன்னாடி எல்லாரும் சமம்னு நீதிபதியையும் தௌன்னே கூப்பிட்டு அடி வாங்கியிருக்காங்க, ஒரு சின்ன சொல்லுக்காக! அப்புறம் யூ எல்லாருக்கும் பரவி தௌ பேச்சுல இருந்தே கிட்டத்தட்ட போயிடுச்சு. சாமியை நாமளும் நீ-ன்னுதானே கும்பிடறோம், இது எனக்கு எப்படி தோணாம போச்சுன்னு இன்னும் யோசிக்கிறேன்.

---

ஸ்வீடன்ல படிச்சேன், அங்க ப்ரொபசரையும் 'டூ'தான், அந்த மொழியிலயும் டூ-ன்னா நீ. முன்னாடி இப்படி இல்லையாம், 'டாக்டர் காபி சாப்பிடறாரா?'ன்னு எதிர்ல இருக்கிறவர்கிட்டயே பட்டத்தை வெச்சுதான் கேப்பாங்களாம். 1967-ல ப்ரூர் ரெக்ஸெட்னு ஒரு மருத்துவத்துறை தலைவர் பதவி ஏத்தப்போ, எல்லாரையும் டூன்னுதான் கூப்பிடுவேன்னு ஊழியர்கள்கிட்ட சொன்னார், அந்த மாற்றத்துக்கு இன்னிக்கும் அவர் பேரைத்தான் சொல்றாங்க. எனக்கு வாய் வரவே இல்லைங்க. டூ-ன்னு சொல்லும்போதெல்லாம் உள்ள 'நீ'ன்னு கேக்கும், அதனால முதல் செமஸ்டர் முழுக்க எதிர்ல இருக்கிறவரைக் குறிக்கிற சொல்லே வராத மாதிரி வாக்கியத்தை வளைச்சு வளைச்சுப் பேசினேன்.