காமெடி அனிமேயின் இரண்டாம் சீசனில் சிரிப்பு ஏன் குறைகிறது?

கேள்வி

வணக்கம். 2013-இல் வெளியான ‘தி டெவில் இஸ் எ பார்ட்-டைமர்’ என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) தொடரின் 13 எபிசோட்களையும் பலமுறை பார்த்தவன் நான். வேற்றுலகை நடுங்க வைத்த சாத்தான் டோக்கியோவில் வந்து விழுந்து, ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, பர்கர் கடையில் பகுதிநேர ஊழியனாக வாடிக்கையாளர்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்வான். அவனைக் கொல்ல வந்த வீராங்கனை எமியோ கால் சென்டரில் வேலை பார்த்தபடி அவனை வேவு பார்ப்பாள். ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து 2022-இல் இரண்டாம் சீசனைப் பார்த்தபோது, புன்னகை வந்ததே தவிர வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. முக்கியக் குரல்கள் பழையவைதான். ஆனால் ஒயிட் ஃபாக்ஸ் தயாரித்த தொடர் ஸ்டுடியோ த்ரீ ஹெர்ட்ஸின் கைக்குப் போனதில் இயக்குநரும் மாறினார், முகங்களின் வரைவும் மாறியது. குற்றம் இடைவெளியிலா, ஸ்டுடியோவிலா? அல்லது நகைச்சுவையே இரண்டாம் முறை எடுபடாத சரக்கா?

முதல் பதில்

இடைவெளியையும் ஸ்டுடியோவையும் மட்டும் குறை சொல்ல முடியாது. வேற்றுலகில் நடக்கும் நகைச்சுவைத் தொடரான ‘கொனோசுபா’வின் முதல் இரண்டு சீசன்கள் 2016, 2017-இல் ஸ்டுடியோ டீனிலும், 2019 திரைப்படம் ஜே.சி. ஸ்டாஃபிலும், மூன்றாம் சீசன் 2024-இல் டிரைவ் ஸ்டுடியோவிலும் உருவாயின. இரண்டாம் சீசனுக்கும் மூன்றாவதற்கும் இடையே ஏழு ஆண்டுகள். ஆனாலும் அதில் வரும் தேவதை அக்குவா அழத் தொடங்கினால் நான் இன்றும் சிரிக்கிறேன். தொடக்கத்தில் இயக்கிய தகாஓமி கனாசாகி மூன்றாம் சீசனிலும் தலைமை இயக்குநராக இருந்ததும், கஸுமா, அக்குவா, மெகுமின், டார்க்னெஸ் நால்வரின் குரல்களும் மாறாததும் இதற்குக் காரணம் என்பேன். ஒரு வசனத்துக்குப் பின் எத்தனை நொடி மௌனம் விட வேண்டும் என்பது எந்த மூலக்கதையிலும் எழுதப்பட்டிருக்காது. அது இயக்குநரின் காதில் இருப்பது.

நீங்கள் கேட்ட தொடரின் சிக்கல் வேறு. அங்கே சிரிப்பு, சாத்தானின் பழைய பெருமைக்கும் இன்றைய சம்பளத்துக்கும் இடையிலும், அவனுக்கும் எமிக்கும் இடையிலும் இருந்த தூரத்திலிருந்து பிறந்தது. இரண்டாம் சீசனில் அலாஸ் ராமுஸ் என்ற குழந்தை வந்து அவனை அப்பா என்றும் எமியை அம்மா என்றும் அழைத்தவுடன் அந்தத் தூரம் சுருங்கிவிடுகிறது. பகைவர்கள் குடும்பமாகிவிட்டார்கள், பார்க்க இதமாக இருக்கிறது, ஆனால் கத்தியில் கூர் இல்லை.

இரண்டாம் பதில்

மேலே எழுதியவரின் கடைசிக் கருத்தை ஏற்க இயலவில்லை. தூரம் குறைந்தால் சிரிப்பும் குறையும் என்றால் ‘ககுயா-சாமா: லவ் இஸ் வார்’ இரண்டாம் சீசனிலேயே படுத்திருக்க வேண்டும். (மூன்றாம் சீசனைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லுங்கள்.) மாணவர் மன்றத்தின் ககுயாவுக்கும் ஷிரோகானேவுக்கும் இடையே யார் முதலில் காதலைச் சொல்வது என்ற ஒற்றைப் போட்டியோடு 2019-இல் தொடங்கிய தொடர், 2022-இல் பள்ளிக் கலைவிழாவில் இருவரும் முத்தமிடுவதில் வந்து நிற்கிறது. நெருக்கம் கூடக்கூட, நகைச்சுவைக்கான இழுபறியை எழுத்தாளர் வேறு இடங்களுக்கு நகர்த்தியபடியே இருக்கிறார். முதல் சீசனில் ஓரமாக முணுமுணுத்துக்கொண்டிருந்த மன்றப் பொருளாளன் இஷிகாமி, 2020-இல் வந்த இரண்டாம் சீசனின் விளையாட்டு விழாவில் முழு மனிதனாகிறான். அதற்குப் பின் அவன் செய்யும் ஒவ்வொரு அசட்டுத்தனமும் நமக்குக் கூடுதலாகச் சிரிப்பு மூட்டுகிறது, ஏனெனில் அவனை நமக்கு இப்போது தெரியும். போர்க்கள வர்ணனை போன்ற அந்தக் கதைசொல்லியின் குரல் மட்டும் கடைசி வரை இறுக்கம் தளரவில்லை. ஆகவே எமியும் சாத்தானும் நெருங்கியது பிழையன்று. நெருங்கிய பின் அவர்களுக்கிடையே புதிதாக ஒரு முள்ளை வைக்காததே பிழை.

மூன்றாம் பதில்

சாமுராய் நகைச்சுவைத் தொடரான ‘கின்டாமா’வை யாரும் சொல்லவில்லையே என்று வியந்தேன். 2006-இல் தொடங்கி, 201-ஆம் எபிசோடோடு 2010-இல் நின்று, 2011-இல் திரும்பி, மீண்டும் மீண்டும் நின்றும் வந்தும் மொத்தம் 367 எபிசோட்களைத் தொட்ட தொடர் அது. முடிகிறோம் என்று சொல்வதையும் முடியாமல் திரும்பி வருவதையுமே அது கேலிப்பொருளாக்கிக் கொண்டது. இடையில் வரும் நீண்ட சண்டைக் கதைகள் தீவிரமானவை; அவற்றைக் கடந்து, வாடகை பாக்கியோடு நாயகன் கின்டோக்கி மறுபடி சோபாவில் படுத்திருப்பதைப் பார்க்கும்போது வரும் நிம்மதியே பாதிச் சிரிப்பு. எல்லாத் தொடர்களுக்கும் இந்த வழி பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்தபின், இரண்டாம் சீசனில் அவர்கள் சோஷி கடற்கரைக்குப் போகும் எபிசோட்களை மட்டும் மறுபடி பார்த்தேன். பர்கர் கடை புதுப்பிப்புக்காக மூடப்பட, சாத்தான் வேலையிழந்து கடற்கரைக் கடையொன்றில் மறுபடி கைகட்டி நிற்கிறான். அங்கே இரண்டு இடத்தில் உரக்கவே சிரித்தேன். குழந்தை வந்ததைவிட, அதற்கு முன்பே அவனுடைய வேலை பின்னணிக்குப் போய்விட்டதுதான் எனக்கு உறுத்தியிருக்கிறது போலும். 2023-இல் வந்த பிற்பாதியை இன்னும் தொடவில்லை. இந்த வாரம் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.