மலேசியாவுல கூலிம் வந்து ரெண்டு மாசம். ஆபீஸ்ல திடீர்னு ‘அஜைல்’ங்காங்க, ரிசைன் பண்ணிடவா?

நெல்லைப்பையன் | இரவு 11:40
யாராவது முழிச்சிருந்தா சொல்லுங்க. செம்பனை (பாமாயில்) மில்லுக்கு எடைமேடை சாஃப்ட்வேர் செய்யிற கம்பெனி. ஊர்ல எட்டு வருஷமா எனக்குப் பழக்கம் என்னன்னா, தேவை எல்லாத்தையும் எழுதி, கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் கோடிங். இங்க திங்கக்கிழமையில இருந்து அஜைலாம், வேலைய துண்டு துண்டா செஞ்சு காட்டணுமாம், எல்லாம் மாறிட்டு. ரெண்டு வாரத்துக்கு ஒரு துண்டு, அதுக்குப் பேர் ஸ்பிரிண்ட். தினமும் காலையில வட்டமா நிக்க வெச்சு ‘எங்க மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க?’ன்னு கேக்காங்க. டெஸ்ட் சர்வர் பாஸ்வேர்டு இல்லாம ரெண்டு நாளா சும்மா உக்காந்திருக்கேன். கேட்டப்ப ‘ஒண்ணுமில்ல, போயிட்டிருக்கு’ன்னுட்டேன். வெள்ளிக்கிழமை டெமோ. வீட்டுக்காரிக்கும் பிள்ளைக்கும் டிக்கெட் போட்டாச்சு. அவங்களா அனுப்புறதுக்கு முன்னாடி நானே போயிடட்டுமா?

மோட்டோ அண்ணே | 11:58
தம்பி, மொதல்ல ஒரு மோட்டோ பாரு, அதான் பைக்கு. பஸ்ஸ நம்பாத. நான் 2011-ல வந்தப்ப தாமான்ல (குடியிருப்பு) இருந்து ஹைடெக் பார்க்குக்கு யார் காருலயாவது தொத்திக்கிட்டுத்தான் போவேன். மூணு மாசம் மெகி மீதான் சாப்பாடு. ரூம்காரன் டெபாசிட்ட திருப்பியே தரல. இதெல்லாம் பாத்துட்டு வந்தவங்கதான் நாங்க. நிக்க வெச்சாங்கன்னு யாராச்சும் வேலைய விடுவாங்களா?

தோட்டத்துப் பொண்ணு | 12:10
அண்ணே, அவரு கேட்டது மோட்டோ இல்ல லா.

நெல்லை அண்ணே, எங்கப்பா செம்பனைத் தோட்டத்துல மண்டோரா, அதான் கங்காணியா இருந்தாரு. விடிய முன்ன ஆளுங்கள நிக்க வெச்சு பெரட்டு நடக்கும். கிராணி (கணக்குப்பிள்ளை) பேர் கூப்புடுவாரு, இன்னிக்கு எந்த நெரைன்னு சொல்லுவாங்க, அவ்ளோதான். நானும் மொத வேலையில, காலையில வட்டமா நிக்கிற ஸ்டாண்டப்ப அந்தப் பெரட்டுன்னே நெனைச்சு வாய மூடிக்கிட்டு நின்னேன். ரெண்டும் வேற. பெரட்டுல மேல இருந்து கீழ உத்தரவு வரும். ஸ்டாண்டப்புல டீம் ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கணும், 15 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும்.

அப்பா வேல மாதிரின்னா சாயங்காலத்தத்தான் சொல்லணும். வெட்டுன பழக்குலைய ரோட்டோரம் அடுக்கி வெச்சிருப்பாங்க. எந்த நெரையில எத்தனை கெடக்குன்னு அப்பா சொன்னாத்தான் லாரி வரும். சொல்லாம விட்ட குலை ராத்திரி பூரா அங்கேயே கெடக்கும். 24 மணி நேரத்துக்குள்ள மில்லுக்குப் போகலன்னா எண்ணெய்ல அமிலம் ஏறிடும். உங்க பாஸ்வேர்டும் ரெண்டு நாளா ரோட்டோரம்தான் கெடக்குது.

கசப்பு காப்பி | 12:25
அஜைலாம் அஜைல். 2001-ல அமெரிக்காவுல ஒரு பனிச்சறுக்கு ஓய்வுவிடுதியில 17 பேர் கூடி எழுதினது. அதக் கொண்டாந்து இங்க வெயில்ல காயிறவன் தலையில கட்டுறாங்க. எங்க ஆபீஸ்ல ஸ்பிரிண்ட்டுக்கு என்ன வேலைன்னு பாஸ்தான் முடிவு பண்ணுவாரு, நடுவுலயும் சொருகுவாரு. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்புல ‘முடிஞ்சிருச்சா?’ வேற. இது பேர் சுறுசுறுப்பா?

வரிக்கணக்கர் | 12:41
கசப்பு காப்பி சொல்வது பாஸின் கோளாறு, முறையின் கோளாறு அன்று. 2018-ஐ நினைத்துப் பாருங்கள். 2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டோடு வந்த ஜிஎஸ்டி, மே 9 தேர்தல் முடிந்த கையோடு ஜூன் 1-இல் பூஜ்யமானது. செப்டம்பர் 1-இல் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) வந்து உட்கார்ந்தது. எங்கள் பில்லிங் மென்பொருளுக்கு ஒன்பது மாதத் திட்டம், பக்கத்துக்குப் பக்கம் வாடிக்கையாளர் கையெழுத்து. அத்தனையும் பழைய காகிதம். கை கொடுத்தது நாலு பேர் குழு ஒன்றுதான். தினமும் கடைக்காரர்களிடம் பேசி, ரசீதில் வரித்தொகை வரும் இடத்தை மட்டும் முதலில் சரிசெய்து கொடுத்தார்கள். அறிக்கைகளைப் பிறகு பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு இ-இன்வாய்ஸும் (மின் விலைப்பட்டியல்) 2024 ஆகஸ்டில் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை உள்ளவர்களிடம் தொடங்கிப் படிப்படியாக வருகிறது, நடுவில் தேதிகளும் மாறின. இந்த நாட்டில் கணக்கு மென்பொருள் செய்கிறவன் ஒரு வருடத் திட்டத்தை நம்பி உட்கார முடியாது.

பணியாளருக்கும் இதில் ஆதாயம் உண்டு. தப்பு இரண்டாவது வாரம் தெரிந்தால் திருத்தம். ஒன்பதாவது மாதம் தெரிந்தால் விசாரணை. மேலும், ஆவணமே வேண்டாம் என்று அந்த 17 பேரும் எழுதவில்லை. ஓடுகிற மென்பொருளுக்கு அதைவிட மதிப்பு என்றுதான் எழுதினார்கள். தம்பியின் எட்டு வருட எழுத்துப் பழக்கம் வீண் போகாது.

மோட்டோ அண்ணே | 12:50
எல்லாம் சரி, தோசை என்ன வெல விக்கிது பாத்தீங்களா? சிங்கப்பூருக்கே போயிருக்கலாம்.

கசப்பு காப்பி | 12:52
அங்க ரூம் வாடகை கேட்டீங்கன்னா தோசையே மறந்துரும் அண்ணே.

பாஸ் அக்கா | 1:05
தோசையும் வாடகையும் இருக்கட்டும். நெல்லை, நீங்க முக்கியமானத சொல்லவே இல்ல. வேலை பெர்மிட்டு, அதான் எம்ப்ளாய்மென்ட் பாஸ், எத்தன மாசத்துக்கு? ப்ரொபேஷன்ல இருக்கீங்களா? நோட்டீஸ் காலம் எவ்வளவுன்னு ஆஃபர் லெட்டர்ல போட்டிருக்கா? எம்ப்ளாய்மென்ட் பாஸ் அந்தக் கம்பெனியோட கட்டுனது. விட்டீங்கன்னா பாஸும் போயிரும், குடும்பத்து பாஸும் கூடவே போகும். ஒரு வருஷத்துல 182 நாள் இங்க இல்லன்னா பொதுவா 30 விழுக்காடு வரி வேற. ராத்திரி பன்னண்டு மணி முடிவு வேணாம்.

காலையில மூணே வாக்கியம் சொல்லுங்க: ‘பாஸ்வேர்டு இல்லாம ரெண்டு நாளா நிக்கிறேன். முன்னாடியே சொல்லியிருக்கணும். யார்கிட்ட கேக்கணும்?’ வெள்ளிக்கிழமை ஓடுற பாதிய மட்டும் காட்டுங்க. எடை பதிவாகுதுன்னா அதுவே போதும். மிச்சம் அடுத்த ஸ்பிரிண்ட்டுல.

நெல்லைப்பையன் | மறுநாள் காலை 10:20
சொல்லிட்டேன். ஒருத்தரும் திட்டல. பாஸ்வேர்டு என் பக்கத்து சீட்டுப் பொண்ணுகிட்டயே இருந்திருக்கு, பத்து நிமிஷத்துல வந்துட்டு. ‘இவரு கேக்கலையே, வேற எங்கயோ வாங்கிட்டாருன்னு நெனைச்சேன்’னு சொல்லுது.

அக்கா, பாஸ் 12 மாசம். ப்ரொபேஷன் பத்தி லெட்டர்ல ஒரு வரியும் இல்ல. அது நல்லதா, கெட்டதா?

மோட்டோ அண்ணே | 10:31
மோட்டோ வாங்கிட்டியா?